இரண்டாம் அடக்கம்

செப்டம்பர் 8, ஞாயிறு

காலையில் தூறல். தென்மேற்குக் காற்று. வானத்தில் பாதி மேகம்.

ஆயுள் முழுவதும் பள்ளிக்கூடத்தில் புவியியல் சொல்லிக்கொடுத்தவனுக்கு இப்போது கிடைத்திருப்பது ஒரு ஜன்னல் அளவு வானம். அதையாவது ஒழுங்காகக் குறித்து வைப்போம் என்றுதான் இந்தக் குறிப்பை மறுபடி தொடங்குகிறேன்.

பாளையங்கோட்டையில் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அங்கேயே அறுவை செய்தார்கள். தனியாக விட முடியாது என்று எட்வின் என்னைச் சென்னைக்குக் கொண்டுவந்துவிட்டான். ஒரே மகன். வேறு எங்கே போவேன்? அவன் வீடு மூன்றாம் மாடியில். லிஃப்ட் ஓடவில்லை. பழுது பார்ப்பதா, புதிதாகப் போடுவதா என்று குடியிருப்போர் சங்கம் இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடக்கிறது. அந்தச் சண்டை தீரும்வரை எனக்குக் கீழே தரை கிடையாது. கட்டிலிலிருந்து வாக்கரைப் பிடித்து ஹால், ஹாலிலிருந்து பால்கனி, பால்கனியிலிருந்து கட்டில்.

எட்வினும் மருமகள் ஷீபாவும் அவர்களுடைய சபைக்குப் போயிருந்தார்கள். அது பெந்தெகொஸ்தே சபை. கொஞ்ச வருடங்களுக்கு முன் எட்வின் எங்கள் சி.எஸ்.ஐ. சபையை விட்டுவிட்டு அங்கே முழுக்கு ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டான்; குழந்தையில் தலையில் தெளித்தது செல்லாது, வளர்ந்தபின் தண்ணீரில் மூழ்கி எழ வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. ஷீபாவும் எடுத்தாள். நான் வீட்டில் ஜெபப் புத்தகத்தைத் திறந்து ஆராதனையை எனக்கு நானே நடத்தினேன். குருவானவரின் பகுதியை வாசிப்பதும் நான், சபையாரின் பகுதியைச் சொல்வதும் நான். ஜெபம் முடியும் இடத்தில் சற்று நிறுத்தி, சபையாராக மாறி, ‘ஆமென்’ என்கிறேன். போன வாரம் ஷீபா கதவருகே நின்று கேட்டுவிட்டு, “யார்கூட மாமா பேசிட்டிருக்கீங்க?” என்று பயந்துபோனாள்.

இறந்துபோன என் மனைவி தங்கபுஷ்பத்தின் படத்தைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தேன். ஹாலில் மாட்டச் சொல்லி எட்வினிடம் கொடுத்தேன். “ஆணி அடிக்க ஆள் வரணும்பா” என்றான். இன்னும் ஆள் வரவில்லை போலும்.

செப்டம்பர் 12, வியாழன்

வெயில். புழுக்கம்.

எட்வினுடைய பாஸ்டர் பார்க்க வந்தார். கிதியோன் என்று பெயர். ஒரு காலத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டியவராம். தோள்கள் இன்னும் அகலமாக இருக்கின்றன. ஆப்பிள் வாங்கி வந்திருந்தார். என் காலை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு ஜெபித்தார். அன்பான மனிதர். அதுதான் எனக்குச் சங்கடம். முரடராக இருந்தால் மனத்துக்குள்ளாவது எதிர்த்து நின்றிருப்பேன்.

காபி குடித்துக்கொண்டே கேட்டார்: “அப்பா எப்போ ரட்சிக்கப்பட்டீங்க?”

நான் கோப்பையைப் பார்த்தேன்.

“தப்பா எடுத்துக்காதீங்க. என் கதையைச் சொல்றேன். சாராயத்தப் போட்டுட்டு வண்டி ஓட்டிக்கினு இருந்தவன் நானு. ஒருநாள் மத்தியானம் சைதாப்பேட்டை பாலத்தாண்ட வண்டிய ஓரங்கட்டிட்டு அழுதேன் பாருங்க, அன்னிக்குப் பழைய கிதியோன் செத்துட்டான். தேதி, கிழமை, எந்தக் கம்பத்தாண்ட நின்னேன், எல்லாம் சொல்வேன். பொறந்த நாளு தெரியாம யாராவது பொறப்பாங்களா?”

“எனக்கு... சரியா நினைவில்லை ஐயா.”

“பரவால்ல, பரவால்ல. கர்த்தர் நினைப்பூட்டுவாரு.”

அவர் போன பிறகு எட்வின் என் முகத்தைப் பார்த்தான். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே முடிவுக்காகக் காத்திருந்தபோது அவன் முகம் இப்படித்தான் இருந்தது.

செப்டம்பர் 14, சனி

மேகமூட்டம். மழையில்லை.

தேதியைத் தேடினேன். வரிசையாகத்தான் தேடினேன்.

ஞானஸ்நானம் கைக்குழந்தையாக இருக்கும்போது. எனக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை. தூங்கிக்கொண்டே இருந்தேன், தண்ணீர் பட்டும் விழிக்கவில்லை என்று அம்மா சொல்வாள். திடப்படுத்தல் ஆராதனையில் பேராயர் தலையில் கை வைத்தபோது நான் நினைத்துக்கொண்டிருந்தது புதுச் செருப்பின் கடியைப் பற்றி. முதல் இராப்போஜனத்தில் திராட்சரசம் இவ்வளவு புளிக்குமா என்று ஆச்சரியப்பட்டேன். கல்யாணத்தன்று பயம். எட்வின் பிறந்த அன்று அதைவிடப் பயம். தங்கபுஷ்பத்தை அடக்கம்பண்ணிய அன்று ஒன்றுமே தோன்றவில்லை, குருவானவர் ஜெபித்தார், நான் ஆமென் சொன்னேன்.

எங்கேயும் ஒரு பாலம் இல்லை. ஒரு கம்பம் இல்லை.

கிறிஸ்து எனக்குள் வாழ்கிறார் என்று இத்தனை வருடம் வாய்நிறையச் சொல்லியிருக்கிறேன். வந்த நாள் தெரியாத ஒருவர் உள்ளே இருக்கிறார் என்று எப்படி நிச்சயமாகச் சொல்வது? ஒருவேளை வீடு காலியாகவே இருந்திருக்கலாம். காலி வீட்டுக்கு நான் ஒழுங்காக விளக்கேற்றிக்கொண்டு இருந்திருக்கலாம்.

இதை யாரிடமும் கேட்க முடியாது. தங்கபுஷ்பம் இருந்தால் சிரித்திருப்பாள்.

செப்டம்பர் 22, ஞாயிறு

மாலையில் இடியுடன் மழை.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

வீட்டில் ஜெபக்கூட்டம். ஹால் நிறைய ஆட்கள். என்னை சோபாவின் ஓரத்தில் உட்காரவைத்து, காலுக்குக் கீழே ஸ்டூல் போட்டிருந்தார்கள். பாட்டு, சாட்சி, பிரசங்கம் எல்லாம் முடிந்து பாஸ்டர் கடைசி ஜெபம் செய்தார். அவர்கள் ஜெபிக்கும்போது எல்லோரும் சேர்ந்து சத்தமாக ஜெபிப்பார்கள். யார் என்ன சொல்கிறார்கள் என்று பிரித்துக் கேட்க முடியாது. நான் கண்ணை மூடிக்கொண்டு, மழையில் பால்கனித் துணிகள் நனையுமே என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதுதான் உண்மை.

சட்டென்று எல்லாச் சத்தமும் அடங்கிவிட்டது. பாஸ்டரின் குரல் மட்டும் தனியாக இறங்கி வந்தது. இந்த அப்பாவும் கீழ்ப்படிதலுக்குத் தம்மை ஒப்புக்கொடுக்கிறார், தண்ணீரில் இறங்க அவரை நடத்தும், இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம் பிதாவே, என்று முடித்தார்.

அந்த முடிவைக் கேட்டதும் என் வாய் திறந்தது. குழந்தைப் பருவத்திலிருந்து பழகிய வாய். “ஆமென்” என்று சொன்னேன். மெதுவாக அல்ல. கோயிலில் சொல்வதுபோல, நிறுத்தி, முழுதாக. மற்றவர்கள் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருந்ததால் என் குரல் மட்டும் ஹாலில் நின்றது.

“அல்லேலூயா!” என்றார் ஒருவர். கை தட்டினார்கள். ஒரு அம்மா அழுதாள். நான் விளக்க வாயெடுப்பதற்குள் எட்வின் வந்து ஸ்டூலுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு என்னைக் கட்டிக்கொண்டான். முகத்தை என் தோளில் வைத்துக்கொண்டு, “தேங்க்ஸ்பா, தேங்க்ஸ்பா” என்றான். அவன் அம்மாவின் அடக்கத்துக்குப் பிறகு அவன் என்னைத் தொட்டுக் கட்டிக்கொண்டது இதுதான் முதல் தடவை.

அவன் தலையைத் தடவிக் கொடுத்தேன். வேறென்ன செய்ய?

செப்டம்பர் 23, திங்கள்

சொல்லிவிட வேண்டும் என்று காலையிலேயே எழுந்தேன். அவன் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு ஷூ மாட்டினான். சொல்லவில்லை.

செப்டம்பர் 27, வெள்ளி

வெயில். காற்றில்லை.

ஊரிலிருந்து அருமைநாயகம் போன் செய்தான். என் வயதுக்காரன், எங்கள் சேகரக் கமிட்டியில், அதாவது ஊர்ச் சபையின் நிர்வாகக் குழுவில், இருப்பவன். செய்தி எப்படித்தான் அங்கே போனதோ.

“என்னவே ஞானாபரணம், இந்த வயசுல நீச்சல் படிக்கப் போறீராமே?”

“யாருவே சொன்னா?”

“ஊரே சொல்லுது. வே, சிரிச்சாலும் விஷயம் இதுதான், கேட்டுக்கிடும். மறுமுழுக்கு எடுத்துட்டா சேகரத்துல பேரை எடுத்துருவாவ. பேரு இல்லன்னா கல்லறைத் தோட்டத்துல இடம் இல்ல. போன வருசம் இன்னொருத்தருக்கு நடந்தத நீரும் பாத்தீருல்லா? அவரு பிள்ளைங்க எவ்வளவு கெஞ்சினாவ. கடைசில முனிசிபாலிட்டி மயானத்துக்குத்தானே கொண்டு போனாவ?”

“தெரியும்வே.”

“தங்கபுஷ்பத்தக்கா பக்கத்துல உமக்குன்னு விட்டுருக்க இடம் என்னாகும்? அங்க தண்ணின்னா இங்க மண்ணு கிடையாது, பாத்துக்கிடும். நான் கமிட்டில இருந்துக்கிட்டே உம்ம பேரை எடுக்கக் கையத் தூக்க வேண்டிய நெலமைய எனக்கு வச்சிராதேயும்.”

நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டான்.

அவளை வைத்தபோது பக்கத்தில் வேப்பமரத்துப் பக்கமாக ஒரு ஆள் அளவுக்கு இடம் விட்டார்கள். ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை முடிந்து அங்கே போய் நின்று, என் இடத்தில் நின்றபடியே அவளுடையதைப் பார்ப்பேன். மற்றவர்களுக்கு அது விசித்திரமாகப் பட்டிருக்கும். எனக்கு நிம்மதியாக இருந்தது. உலகத்தில் என்னுடையது என்று நிச்சயமாகச் சொல்லக்கூடியதாக அந்த மண் ஒன்றுதான் இருந்தது.

அக்டோபர் 2, புதன்

விடுமுறை. பிற்பகல் தூறல்.

அங்கி வந்துவிட்டது. வெள்ளைத் துணி, கழுத்திலிருந்து கணுக்கால் வரை. உட்காரவைத்தே ஷீபா அளவு சரிபார்த்தாள். கீழ்மடிப்பு கனமாக இருந்தது. தொட்டுப் பார்த்தால் உள்ளே குண்டு குண்டாக ஏதோ.

“ஈயம் மாமா. மீன் வலையில கட்டுவாங்கள்ல, அது. இல்லாட்டி தண்ணியில துணி மேல மிதந்துரும், பாக்க நல்லாருக்காதுல்ல.”

மடிப்பை விட்டேன். அது என் காலில் மெதுவாக இடித்தது.

“நீ இறங்கினபோது எப்படி இருந்ததும்மா?” என்று கேட்டேன்.

அவள் ஊசியை வாயில் வைத்துக்கொண்டு யோசித்தாள். மதுரைப் பெண். மனத்தில் பட்டதைச் சொல்லிவிடுவாள், பிறகு பயப்படுவாள். “நெசமாச் சொல்லவா? மூக்குல தண்ணி ஏறுனதுதான் ஞாபகம். எந்திரிச்சதும் எல்லாரும் ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம்ங்கிறாங்க, நான் தும்முறேன். அவருகிட்டச் சொல்லிறாதீங்க மாமா.”

“சொல்ல மாட்டேன்.”

“உங்களுக்கு இதுல இஷ்டந்தானே மாமா?”

மழை வலுக்கிறதா என்று பால்கனிப் பக்கம் பார்த்தேன். அவள் கீழ்மடிப்பைத் தைக்கத் தொடங்கினாள்.

அக்டோபர் 9, புதன்

மேகம். இரவில் மழை பெய்த ஈரம்.

நாள் குறித்துவிட்டார்கள். 20ஆம் தேதி ஞாயிறு. என் டாக்டரிடம் எட்வின் கேட்டிருக்கிறான். புண் ஆறிவிட்டது, ஆனால் படி இறங்கக் கூடாது, இடுப்பை அதிகம் மடக்கக் கூடாது என்றாராம். அதனால் நாற்காலியோடு தொட்டியில் இறக்கப் போகிறார்கள்.

இன்று எட்வின் எனக்குக் கால் பயிற்சி கொடுக்கும்போது மெல்ல ஆரம்பித்தேன். “எட்வின், ஒருவேளை இது இல்லாமலே...” என்றதும் அவன் கை என் காலில் அப்படியே நின்றது.

“எது இல்லாம?”

“இல்ல, சும்மா கேட்டேன்.”

“அப்பா, எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். கடைசில நாம எல்லாரும் ஒரே இடத்துல இருக்கணும். நான், ஷீபா, நீங்க. மூணு பேரும். அது போதும்பா எனக்கு.”

பிறகு பயிற்சியைத் தொடர்ந்தான். மூணு பேரும் என்றான். கூட்டலில் அவன் எப்போதுமே கெட்டி. ஏதோ அவசரத்தில் விட்டுப்போயிருக்கும்.

அக்டோபர் 15, செவ்வாய்

விடாத மழை. தெருவில் தண்ணீர்.

துண்டு எடுத்துத் தரச்சொன்னேன். எட்வின் அலமாரியில் தேடிய ஷீபா, அங்கேயே அசையாமல் நின்றாள். அவன் சட்டைகளுக்கு அடியில் தங்கபுஷ்பத்தின் படம் இருந்தது. குப்புற.

“ஆணி அடிக்க ஆள் வரலைன்னான்” என்றேன். எனக்கே அது பேச்சாகப் படவில்லை.

ஷீபா கட்டிலில் வந்து உட்கார்ந்தாள். “மாமா, அத்தை இறந்து, ஊர்ல எல்லாம் முடிச்சுட்டு இங்க வந்த வாரம், சபையில ஒருத்தரு துக்கம் கேட்டாரு. கேட்டுட்டு, ‘அம்மா முழுக்கு எடுத்திருந்தாங்களா பிரதர்?’னாரு. அவ்ளோதான் கேட்டாரு. இவரு இல்லைன்னு தலையாட்டுனாரு. அவரும் ஒண்ணும் சொல்லல, தோளத் தட்டிட்டுப் போயிட்டாரு. அன்னைலேருந்து இவரு அத்தை பேரையே எடுக்கிறதில்ல. காலையில சட்டை எடுக்க அலமாரியத் தொறந்தா ரொம்ப நேரம் நிப்பாரு.”

எட்வின் தங்கபுஷ்பத்திடம் கேட்டிருக்கிறான். எனக்கு நினைவிருக்கிறது. ஊருக்கு வந்தபோது, அடுக்களை வாசலில் நின்று, அம்மா நீங்களும் எடுத்துடுங்களேன் என்று. அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். “போலே, எனக்குத் தலை காய ரெண்டு நாளாவும். சளி பிடிச்சா நீயா வந்து கஷாயம் போடுவ?” என்று சிரித்தாள். அவனும் சிரித்தான். விளையாட்டாகவே முடிந்துபோனது.

அக்டோபர் 16, புதன்

மழை.

நேற்று எழுதியதை வாசித்தேன். என் நிலை இதுதான்.

தண்ணீரில் இறங்கினால், அதற்கு முன் நான் வெளியே இருந்தேன் என்று ஒப்புக்கொண்டதாகும். நான் வெளியே என்றால் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே அப்பத்தைப் பிட்டு வாங்கியவளும் வெளியே. நானே என் வாயால் அவளை வெளியே வைத்துக் கதவைச் சாத்துவேன். மண்ணிலும் அவள் பக்கத்தில் இடமிருக்காது.

இறங்காவிட்டால், எட்வின் அலமாரியில் இரண்டு படங்கள் குப்புறக் கிடக்கும்.

அக்டோபர் 19, சனி

மழை விட்டிருக்கிறது. மேகங்கள் கீழே தொங்குகின்றன.

நாளைக்கு. காய்ச்சல் வராதா என்று இரண்டு முறை நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். வெட்கமாக இருக்கிறது.

அக்டோபர் 20, ஞாயிறு

மாலையில் எழுதுகிறேன். வானம் பார்க்கவில்லை.

காலையில் சபையிலிருந்து நாலு சகோதரர்கள் வந்தார்கள். வீட்டிலேயே அங்கியை உடுத்திவிட்டு, கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலியில் என்னை உட்காரவைத்து, இடுப்பில் ஒரு துப்பட்டாவால் கட்டினார்கள். “பைபிள்ல திமிர்வாதக்காரனை நாலு பேர் கூரையப் பிரிச்சு இறக்குனாங்கல்லப்பா, அதே மாதிரி நாங்களும்” என்று ஒருவர் சிரித்தார். மாடிப்படியில் இறங்கத் தொடங்கினார்கள். அங்கியின் ஈயம் படிக்குப் படி ஆடியது.

எனக்கு உயிரே இல்லை. நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். படி திரும்பும் இடத்தில் என் விரல்கள் சுவரில் உரசித் தோல் வழன்றது.

“அப்பா, கையை எடுங்க, மடியில வச்சுக்கங்க. நீங்க புடிச்சாத்தான் இடிக்குது” என்றார் முன்னால் பிடித்தவர்.

“விழுந்திருவேனோன்னு...”

“நீங்க புடிக்கிறதாலயா உக்காந்திருக்கீங்க? நாங்கல்ல புடிச்சிருக்கோம்.”

அவர் சுவரைப் பற்றித்தான் கவலைப்பட்டார். நான் கையை எடுத்து மடியில் வைத்தேன். ஒன்றும் ஆகவில்லை. நாற்காலி முன்போலவே இறங்கிக்கொண்டிருந்தது. என் பிடிக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இருக்கவில்லை. இதே காரியத்துக்காக இதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் என்னை இப்படித் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள், கைக்குழந்தையாக இருக்கும்போது. அப்போதும் நான் எதையும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. தூங்கிக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் மாடியிலிருந்து தரை வரை இதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

சபை அடுத்த தெருவில் ஒரு தகரக் கூரைக் கூடம்; அதுவரை நாற்காலியிலேயே தூக்கிப் போனார்கள். மேடைப் பலகைகளை எடுத்துவிட்டால் கீழே தொட்டி. நீலநிற டைல்ஸ். மழைக்காலத் தண்ணீர், கொஞ்சம் கலங்கல். பாஸ்டர் வெள்ளை உடையில் உள்ளே நின்றார், பக்கத்தில் எட்வின், நெஞ்சளவு தண்ணீரில், என்னை வாங்கிக்கொள்ள இரண்டு கைகளையும் நீட்டியபடி. குளிரில் அவன் உதடு வெளுத்திருந்தது. சின்ன வயதில் தாமிரபரணியில் குளித்து ஏறும்போது அப்படித்தான் வெளுக்கும்.

என்னை விளிம்பில் வைத்தார்கள். பாட்டு நின்றது.

“அப்பா, ஒரே கேள்வி. இயேசுவ உங்க சொந்த ரட்சகரா விசுவாசிச்சு, அவரோடகூட மரிச்சு அடக்கமாகி, அவரோடகூடப் புது ஜீவனுக்கு எழுந்திருக்க ஒப்புக்கொடுக்கிறீங்களா? ஆமென் சொல்லுங்க.”

கூடமே காத்திருந்தது. என் வாய் தானாகத் திறந்தது. நான் பல்லைக் கடித்து அதை மூடினேன். ஆமென் வர வேண்டிய இடத்தில் அதைச் சொல்லாமல் இருந்தது என் நினைவில் இதுதான் முதல் முறை.

“அப்பாவுக்குக் காது...?” என்று பாஸ்டர் எட்வினைப் பார்த்தார்.

“நல்லா கேக்கும்” என்றான் எட்வின்.

பாஸ்டர் உரக்க மறுபடி கேட்டார். இனி மௌனமாக இருந்தால் வேறு அர்த்தமாகிவிடும்.

“கேள்விக்கு ஆமென்தான் ஐயா” என்றேன். “தண்ணிக்குத்தான் இல்ல.”

யாரோ பின்னால் “என்ன சொல்றாரு?” என்றார்கள்.

“நான் ஏற்கெனவே அவரோட அடக்கமாயிட்டேன் ஐயா. கைப்பிள்ளையா இருக்கையில அம்மா தூக்கிட்டுப் போனா. எனக்குத் தேதி தெரியாது, தூங்கிட்டேன். தூக்கிட்டுப் போனவங்களுக்குத் தெரியும், வாங்கிக்கிட்டவருக்குத் தெரியும். அன்னைக்குப் பிடிச்சவரு இன்னும் விடல. ஒருத்தன எத்தனை தடவைதான் புதைப்பீங்க?”

பின்னால் ஒருவர் சிரித்துவிட்டு அடக்கிக்கொண்டார். கீபோர்டு வாசிப்பவர் என்ன செய்வதென்று தெரியாமல் மெல்ல ஏதோ வாசிக்கத் தொடங்கினார். பாஸ்டர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

எட்வின் இன்னும் கைகளை நீட்டியபடியே நின்றான். பிறகு அத்தனை பேர் முன்னாலும், பள்ளிக்கூடப் பிள்ளையின் குரலில் கேட்டான்:

“அப்ப அம்மா?”

வேறெதையும் அவன் கேட்கவில்லை. இத்தனை நாளும் அவன் கேட்டுக்கொண்டிருந்தது இது ஒன்றைத்தான்.

“அவளையும் தூக்கிட்டுத்தாம்ல போனாவ” என்றேன். ஊர்ப்பேச்சு வந்துவிட்டது. “கிறிஸ்துவுக்குள்ள இருக்கால. நானும் அங்கனதான் இருக்கேன். செத்தா மாறுத இடமால அது? நீ இந்தத் தண்ணிக்குள்ள நிக்கியே, நீயும் அங்கனதாம்ல நிக்க. மூணு பேருன்னு சொன்னியே. நாலு பேராக்கும்ல. எண்ணிப் பாரு.”

இதை நான்தான் சொன்னேனா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. என் குரல் கடைசி வரிசைவரை கேட்டது என்று ஷீபா சொல்கிறாள்.

எட்வின் கைகளை இறக்கினான். இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். தொட்டித் தண்ணீர் அவனைச் சுற்றிச் சின்னதாக அலைந்தது. பாஸ்டர் அவன் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றார். அவருக்கு என் பதில் சம்மதமில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் என்னைப் பார்த்து, “அப்பாவைப் பத்திரமா வீட்டுல சேருங்க” என்று மட்டும் சகோதரர்களிடம் சொன்னார்.

எட்வின் தொட்டியிலிருந்து ஏறி வந்தான். முன்னால் பிடித்திருந்தவரை விலக்கிவிட்டு நாற்காலியின் கால்பக்கத்தைத் தானே பிடித்தான். சொட்டச் சொட்ட நனைந்திருந்தான். அவன் சட்டையிலிருந்தும் தலையிலிருந்தும் வழிந்த தண்ணீரில், வீடு வந்து சேர்வதற்குள், என் பாதங்கள் நன்றாக நனைந்துவிட்டன.

அக்டோபர் 21, திங்கள்

லேசான வெயில்.

எட்வின் அலுவலகம் போகவில்லை. என்னோடு பேசவும் இல்லை. அங்கியைக் காயப்போட வேண்டியிருக்கவில்லை. ஷீபா மடித்து வைத்தாள்.

அக்டோபர் 25, வெள்ளி

காலையில் வெயில், பிறகு மழை.

ஹாலில் தடதடவென்று சத்தம். வாக்கரோடு போய்ப் பார்த்தால் எட்வின் இஞ்சி தட்டும் கல்லால் சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருக்கிறான். சுவர்ப்பூச்சு கை அகலத்துக்குப் பெயர்ந்து விழுந்தது.

“ஆளக் கூப்பிட்டிருக்கலாம்ல?” என்றாள் ஷீபா.

“எத்தன மாசமா ஆள் வரும்?” என்றான் அவன்.

படம் கொஞ்சம் சாய்வாக இருக்கிறது. இருக்கட்டும்.

நவம்பர் 2, சனி

இன்று கல்லறைத் திருநாள். மழை.

எட்வின் நேற்று மாலை ரயிலேறிவிட்டான். எங்கே என்று என்னிடம் சொல்லவில்லை, ஷீபாதான் சொன்னாள். ஆஃபீஸ் வேலை என்று சொல்லச் சொன்னானாம். ‘பொய் சொல்ல எனக்கு வராது மாமா’ என்றாள்.

காலையில் ஜன்னலருகே உட்கார்ந்து ஜெபப் புத்தகத்தைத் திறந்தேன். குருவானவர் பகுதியைப் பாதி வாசிக்கும்போது போன் வந்தது. பின்னணியில் ஆட்கள் சத்தம், காக்கைகள், யாரோ மண்வெட்டியால் கொத்தும் ஓசை.

“அப்பா, இங்கதான் நிக்கேன்” என்றான். ஊர்ப்பேச்சு அவனுக்கும் திரும்பியிருந்தது.

“மழை உண்டா?”

“இல்ல, வெட்டாப்புதான், வெயில் அடிக்கு. அருமைநாயகம் மாமாதான் சுண்ணாம்பு வாங்கித் தந்தாவ. அடிச்சாச்சு. பூ வச்சாச்சு. அம்மாகிட்ட ஜெபம் பண்ணேன்.” அவசரமாகத் திருத்தினான். “அம்மாகிட்ட இல்ல. அம்மா பக்கத்துல நின்னு.”

“புரியுதுல.”

அவன் தள்ளி நடந்தான் போலும், மண்வெட்டியின் சத்தம் குறைந்தது.

“பாஸ்டர்கிட்ட இன்னும் பேசணும்பா. எனக்கு எல்லாம் புரிஞ்சிட்டுன்னு இல்ல.”

“எனக்கும்தான்” என்றேன்.

“ம். அப்புறம்... பக்கத்துல உங்க இடத்துல புல்லு முட்டளவு வளந்து கெடந்துச்சு. அதையும் புடுங்கிட்டேன்.” ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டவன்போல நிறுத்தினான். “அவசரம் ஒண்ணும் இல்லப்பா. சும்மா புல்லுதான் புடுங்கினேன்.”

நான் சிரித்ததைக் கேட்டு ஷீபா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

பிறகு விட்ட இடத்திலிருந்து ஆராதனையைத் தொடர்ந்தேன். குருவானவர் பகுதி முடிந்து நான் நிறுத்தியபோது, சபையார் பகுதியில், அடுக்களையிலிருந்து ஒரு ஆமென் வந்தது.

மழை தொடர்கிறது. லிஃப்ட் இன்னும் ஓடவில்லை.